ஜன்னல் சீட்டு மட்டும் போதுமா?

வெளிநாடு போய்வந்தவர்களின் புகைப்படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே சிரிப்போடு நிற்கிறார்கள். ஒரு பாலம், ஒரு கோபுரம், ஒரு மிருகக்காட்சி சாலை. ஆஸ்திரேலியா என்றால் கூடவே ஒரு கங்காரு. கொஞ்சம் துணிச்சல்காரர்கள் பங்கி ஜம்பிங், ஸ்கைடைவிங் என்று ஒரு வீடியோவும் எடுத்து வருவார்கள். இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை வானத்திலிருந்து குதிக்க ஆகும் காசுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடக்கூடிய இன்னொன்று இருக்கிறது. அது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதே இல்லை. ஒரு குட்டி விமானத்தின் இடது சீட்டில் உட்கார்ந்து, அரை மணி நேரம் அதை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம்.

லைசென்ஸ் வேண்டாம். முன் அனுபவம் வேண்டாம். கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆஸ்திரேலியாவில் இதற்கு ‘ட்ரையல் இன்ட்ரடக்டரி ஃப்ளைட்’ என்று பெயர். அமெரிக்காவில் ‘டிஸ்கவரி ஃப்ளைட்’, பிரிட்டனில் ‘ட்ரையல் லெசன்’. பக்கத்து சீட்டில் பயிற்சியாளர் இருப்பார். அவருக்கு முன்னாலும் அதே ஸ்டியரிங், காலடியில் அதே பெடல்கள். சட்டப்படி விமானத்துக்குப் பொறுப்பாளர் அவர்தான். ஆனால் அந்த அரை மணி நேரம் முறையான பயிற்சி நேரம். ஒரு லாக் புத்தகம் வாங்கி அதில் எழுதிக்கொள்ளலாம். நாளைக்கு நீங்கள் லைசென்ஸுக்குப் படித்தால் அதுதான் உங்கள் முதல் வரி.

என் கட்சி இதுதான்: வாய்ப்பு கிடைத்தால் ஒரு முறை இதைச் செய்துவிட வேண்டும். ஆனால் ராட்டினத்தில் ஏறும் மனநிலையோடு போகக் கூடாது, வகுப்புக்குப் போகும் மனநிலையோடு போக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் போனது மெல்போர்னின் தென்கிழக்குப் புறநகரில் இருக்கும் மூரபின் விமான நிலையம். ஊருக்குள் வரும் பெரிய ஜெட்டுகள் எல்லாம் வேறு திசையில், டல்லமரைனில் இறங்கும். மூரபின் பெரும்பாலும் குட்டி விமானங்களுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்குமானது. 1949இல் திறந்தது. அந்தப் பகுதியில் பிறந்து, இங்கிலாந்து போய்ப் பெயர் பெற்ற விமானி ஹாரி ஹாக்கரின் பெயரும் அதற்கு உண்டு. அவர் பெயரைத் தாங்கிய கம்பெனிதான் பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் பறந்த ஹரிக்கேன் போர் விமானத்தைத் தயாரித்தது.

நான் இப்படிப் போகப் போகிறேன் என்றதும் அத்தை கேட்டது: “வரும்போது விமானத்துலதானடா வந்தே? மறுபடி எதுக்குடா விமானம்?” நியாயமான கேள்வி. ஆனால் வரும்போது நான் வந்தது விமானத்தில் இல்லை. ஒரு நீளமான ஏசி அறையில். சாப்பாடு வந்தது, படம் ஓடியது, தூங்கினேன், ஊர் வந்துவிட்டது. பறந்தேன் என்று சொல்வதற்கு டிக்கெட்டைத் தவிர என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை :-)

மூரபினில் எனக்குக் காட்டியது செஸ்னா 172. உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமான ரகம் இதுதான். 1956இல் விற்பனைக்கு வந்தது, இதுவரை 44,000க்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். நான்கு சீட்டு, ஒரே எஞ்சின், 180 குதிரைத்திறன். கிட்டப் போய்ப் பார்த்தால் முதலில் வருவது பிரமிப்பு இல்லை, சந்தேகம். கதவு நம்ம அம்பாசடர் கார் கதவைவிட மெல்லியது. இறக்கையில் கை வைத்து அழுத்தினால் விமானமே லேசாக ஆடுகிறது.

அங்கே முதலில் கேட்ட கேள்வி பெயர்கூட இல்லை, எடை. “உங்கள் எடை எவ்வளவு, உண்மையைச் சொல்லுங்கள்” என்றார் பயிற்சியாளர். காரணம் சொன்னார். இந்த 172-எஸ் ரகம் தரையை விட்டுக் கிளம்பும்போது மொத்த எடை 1,157 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. விமானத்தின் சொந்த எடையையும் முழு டாங்க் பெட்ரோலையும் கழித்தால் மனிதர்களுக்கு மிஞ்சுவது சுமார் 250 கிலோதான். அதாவது சீட்டு நான்கு இருந்தாலும், முழு டாங்க்கோடு நான்கு பெரியவர்கள் ஏற முடியாது. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உட்காருங்க’ என்பது எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது என்பதை இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் நான் கேட்டதில்லை.

அடுத்தது விமானத்தைச் சுற்றி ஒரு நடை. கையில் ஒரு பட்டியல். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று உள்ளே ஒரு முள் காட்டுகிறது. ஆனால் அதை நம்பாமல் இறக்கை மேல் ஏறி டாங்க்கில் குச்சி விட்டுப் பார்க்கிறார்கள். நம்ம ஊர் லாரிக்காரர்கள் செய்வதே! பிறகு இறக்கைக்கு அடியில் உள்ள வால்விலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள். இந்த விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள், வேறு எரிபொருள் மாறி ஊற்றிவிட்டால் நிறமே காட்டிக்கொடுக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது கனமானது என்பதால் அடியில் தனியாகத் தங்கும். எட்டாம் வகுப்பு அடர்த்திப் பாடம்தான். அப்போது மார்க்குக்காகப் படித்தது, இங்கே ஒரு எஞ்சின் நடுவானில் நிற்காமல் இருக்கப் பயன்படுகிறது.

அரை மணி நேரம் பறக்க, தரையில் அதற்கு ஏறக்குறைய சமமான நேரம் போனது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். என்னைக் கேட்டால் கொடுத்த காசில் பாதி மதிப்பு இந்த நடையில்தான்.

ஓடத் தொடங்கியதும் அடுத்த அதிர்ச்சி. கையில் ஸ்டியரிங் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதைத் தரையில் எவ்வளவு திருப்பினாலும் விமானம் திரும்பாது. தரையில் திருப்புவது காலால். இடது பெடலை மிதித்தால் இடது பக்கம், வலதை மிதித்தால் வலது பக்கம். கார் ஓட்டிப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்களாம். மஞ்சள் கோட்டின் மேல் போகச் சொன்னார். என் வண்டி தீபாவளிப் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போனது.

ஓடுபாதையின் எண் 17. காந்தமுள் காட்டும் 170 டிகிரித் திசையை நோக்கியிருக்கிறது என்று அர்த்தம். கடைசி சைபரை விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். முழு வேகம் கொடுத்து, 55 நாட் வந்ததும் மெதுவாக இழுக்கச் சொன்னார். 55 நாட் என்றால் மணிக்கு 102 கிலோமீட்டர். நம்ம ஊர் பைபாஸில் ஆம்னி பஸ் போகும் வேகம்! அந்த வேகத்தில் ஒரு டன் எடை தரையை விட்டுக் கிளம்புகிறது. மந்திரம் ஒன்றும் இல்லை, இறக்கையின் வடிவமும் அது காற்றைச் சந்திக்கும் கோணமும்தான். ஆனால் சூத்திரமாகத் தெரிந்திருப்பது வேறு, உள்ளங்கையில் உணர்வது வேறு.

வலப்பக்கம் போர்ட் பிலிப் வளைகுடா. சுமார் 2,000 அடியில் பயிற்சியாளர் “ஒப்படைக்கிறேன்” என்கிறார். நான் “எடுத்துக்கொண்டேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் போதாது. யார் கையில் விமானம் இருக்கிறது என்பதில் ஒரு வினாடிகூடச் சந்தேகம் இருக்கக் கூடாது என்பதற்காக உலகம் முழுக்க ஏதோ ஒரு வடிவில் இருக்கும் பழக்கம் இது. இருவரும் அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் தினமும் நடப்பதுதான் ஆகும். அங்கே அது வெறும் சண்டையோடு முடிகிறது, இங்கே அப்படி முடியாது.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்வது இரண்டு. ஒன்று, ஸ்டியரிங்கை விடாப்பிடியாகப் பிடிப்பது. இரண்டு விரல் போதும் என்கிறார்கள். நல்ல வடிவமைப்புள்ள விமானம் தானாகவே நேராகப் பறக்கத்தான் பார்க்கும், அதைத் தொந்தரவு செய்வது நாம்தான். இரண்டாவது, கடிகாரங்களையே பார்த்துக்கொண்டிருப்பது. வெளியே பார் என்கிறார்கள், ஏனென்றால் மற்ற விமானங்கள் இருப்பது வெளியே. இது வெறும் உபதேசம் இல்லை. 2008இல் இதே மூரபின் அருகே இரண்டு பயிற்சி விமானங்கள் வானில் மோதி ஒரு விமானி உயிரிழந்தார்.

‘எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழுந்துவிடும்’ என்பது நம்மில் பெரும்பாலோரின் எண்ணம். அதுவும் தவறு. எஞ்சின் நின்றால் விமானம் கிளைடராகிவிடும். செஸ்னா 172 ஒரு அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னால் போகும். 2,000 அடியிலிருந்து கணக்குப் போட்டால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் ஒரு வயலைத் தேடிக்கொள்ள வேண்டும், அதுதான் பயிற்சி. எஞ்சினின் நம்பகத்தன்மை பற்றிச் சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1958-59இல் ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இரண்டு பேர் லாஸ் வேகாஸில் ஒரு செஸ்னா 172ஐ 64 நாள் 22 மணி நேரம் தரையிறக்காமலே ஓட்டினார்கள். கீழே ஓடும் லாரியிலிருந்து குழாய் வழியாகப் பெட்ரோல் ஏற்றிக்கொண்டார்களாம்! அந்த விமானம் இப்போது லாஸ் வேகாஸ் விமான நிலையத்தின் கூரையில் தொங்குகிறது.

சரி, கதை போதும். விஷயத்துக்கு வருகிறேன். இதனால் யாருக்கு என்ன லாபம்?

முதலில், விமானி ஆக வேண்டும் என்ற கனவோடு இருப்பவர்களுக்கு. நம் வகுப்பிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குச் செலவு பல லட்சம். நிலத்தை விற்று, வீட்டை அடமானம் வைத்து அனுப்புகிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய முடிவை, ஒரு முறைகூடக் குட்டி விமானத்தில் ஏறாமல், சினிமாவில் பார்த்த தொப்பியையும் கோட்டுப் பட்டையையும் வைத்து எடுப்பது என்ன நியாயம்? அரை மணி நேரத்தில் தலை சுற்றி வாந்தி வருகிறதா, காதில் ரேடியோ இரைந்துகொண்டிருக்கும்போது மூளை வேலை செய்கிறதா, பட்டியல் பட்டியலாகச் சரிபார்ப்பது சலிக்கிறதா, பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் லாபம்தான். ஒரு ஏக்கர் மிச்சம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பயிற்சிப் பள்ளிகளுக்கு இந்த அரை மணி நேரம் ஒரு விளம்பரமும்கூட. இறங்கியதும் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கும்போதுதான் ‘முழு கோர்ஸில் சேர்ந்தால் சலுகை’ என்ற தாள் கைக்கு வரும். அன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே எந்தப் பள்ளியிலும் கட்டாதீர்கள்; வாங்கிக்கொண்டு மூடிய பள்ளிகள் பல நாடுகளில் உண்டு. தவிர, சுற்றுலா விசாவில் வந்து ஒரு முறை பறப்பது வேறு, லைசென்ஸுக்குப் படிப்பது வேறு. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, வெளிநாட்டவர் விமானம் ஓட்டக் கற்க அரசின் பாதுகாப்பு அனுமதி தேவைப்படுகிறது.

இரண்டாவது லாபம், விமானத்தில் ஏறவே பயப்படுகிறவர்களுக்கு. விமானம் குலுங்கினால் கண்ணை மூடிக் கந்த சஷ்டி சொல்கிறவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். குட்டி விமானம் பெரியதைவிட அதிகமாகவே குலுங்கும். ஆனால் குலுக்கல் எங்கிருந்து வருகிறது என்று அங்கே கண்ணாலேயே பார்க்கலாம். வெயிலில் சூடான தார் ரோடு, கட்டடங்களின் மேல் போனால் தூக்கும். தண்ணீர் மேல் போனால் அடங்கும். காரணம் தெரிந்த பயம் பாதிப் பயம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லக் கற்றுக்கொள்வது. இதற்கு ஒரு சோகமான உதாரணம் இருக்கிறது. 1996 ஏப்ரலில் ஜெசிகா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி அமெரிக்காவைக் குறுக்காக விமானம் ஓட்டிக் கடக்கப் போகிறாள் என்று பத்திரிகைகளும் டிவிக்களும் கொண்டாடின. கூடவே அப்பாவும் ஒரு பயிற்சியாளரும். இரண்டாம் நாள் காலை, வயோமிங் மாநிலத்தின் ஷையன் நகரில் புயல் மழை நெருங்கிக்கொண்டிருந்தது. கிளம்பினார்கள். சில நிமிடங்களில் விமானம் விழுந்து மூவரும் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்னது: மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில் கிளம்ப முடிவெடுத்தது தவறு, விமானத்தில் அனுமதித்ததைவிட அதிக எடை இருந்தது, ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கையும் பயண அட்டவணையையும் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையும் அந்த முடிவுக்கு ஒரு காரணம்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? அட்டவணை என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சுற்றுலாப் பயணியை விட இறுக்கமான அட்டவணை யாருக்கு இருக்கிறது? ‘நாளைக்கு எனக்கு ஃப்ளைட், இன்றைக்கு விட்டால் இனி வாழ்க்கையில் வர மாட்டேன், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்’ — இந்த ஒரு வாக்கியத்தை நாம் எத்தனை கவுண்டர்களில் சொல்லியிருக்கிறோம்! ரயில்வே கவுண்டரில் சொன்னால் அதிகபட்சம் திட்டு விழும். விமானப் பயிற்சியாளரிடம் சொன்னால் அது அவருடைய தீர்ப்பின் மேல் நாம் வைக்கும் சுமை. அவர் பெரும்பாலும் இளைஞர், பறக்கும் மணிகளைச் சேர்த்துக்கொண்டிருப்பவர், உங்களைத் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர். நல்ல பயிற்சியாளர் மறுத்துவிடுவார். ஆனால் அவரை அந்த நிலைக்குத் தள்ளாமல் இருப்பது நம் பொறுப்பு.

அதனால் என் சிபாரிசு: பயணத்தின் முதல் சில நாட்களில் இதை வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் ஒருபோதும் வேண்டாம். வானிலையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா, வேறு நாள் தருவார்களா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். ரத்து செய்தால் முகம் சுளிக்காமல் நன்றி சொல்லுங்கள். உங்களை மறுக்கும் பள்ளிதான் நல்ல பள்ளி.

இன்னொன்று, பயணக் காப்பீட்டின் பொடி எழுத்துகளைப் படியுங்கள். டிக்கெட் வாங்கிய பயணியாக இல்லாமல் வேறு எந்த வகையில் பறந்தாலும் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும் காப்பீடுகள் நிறைய உண்டு. வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதற்கும் பதில் சொல்ல வேண்டும். ‘ஆபத்து இல்லையா?’ இருக்கிறது. மழுப்ப மாட்டேன். அமெரிக்கக் கணக்குப்படி குட்டி விமானங்களில் 1,00,000 பறக்கும் மணிக்கு ஏறத்தாழ ஒரு உயிர்ச்சேத விபத்து நடக்கிறது. பெரிய பயணிகள் விமானத்தோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. பயிற்சியாளரோடு பகலில், நல்ல வானிலையில் பறப்பது இந்தச் சராசரியைவிடப் பாதுகாப்பானது; ஆனால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் அவரோடு பறக்காதீர்கள்.

‘சுற்றுச்சூழல்?’ இதுவும் சரியான கேள்வி. அரை மணி நேரத்துக்கு 15 முதல் 20 லிட்டர் பெட்ரோல் எரியும். நீங்கள் சென்னையிலிருந்து அங்கே போய்ச் சேர எரித்ததில் இது ஒரு துளி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்த நீலப் பெட்ரோலில் காரீயம் கலந்திருக்கிறது. கார்களுக்கான காரீய பெட்ரோல் 2021இல் உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவிலும் நின்றுவிட்டது; குட்டி விமானங்களில் அது இன்னும் பரவலாக ஓடுகிறது. விமான நிலையத்தைச் சுற்றி வீடுகளில் குழந்தைகள் இருக்கிறார்கள். மாற்று எரிபொருளுக்கு மாறுவதில் இந்தத் துறை காட்டும் மந்தத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஒரு முறை போதும், இதைப் பொழுதுபோக்காக்கிக்கொள்ள வேண்டாம் என்று நான் நினைப்பதற்கு இதுவும் காரணம்.

‘இதெல்லாம் பணக்காரத்தனம்’ என்பவர்களுக்கு: ஆமாம். வெளிநாட்டுப் பயணமே அப்படித்தான். அந்தப் பயணத்துக்குள் எதற்குச் செலவழிக்கலாம் என்பதுதான் இங்கே கேள்வி. பிளாஸ்டிக் பொம்மைக்கும் சாவிக் கொத்துக்கும் போகும் காசு இதற்குப் போகட்டும் என்கிறேன்.

எடையை மறைக்காமல் சொல்வது, முள்ளை நம்பாமல் குச்சி விட்டுப் பார்ப்பது, பொறுப்பை வாய்விட்டுச் சொல்லி வாங்குவது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்வது. இந்த நான்கையும் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள், அங்கேயும் சேர்ந்துகொள்கிறேன். அதுவரை, அடுத்து வெளிநாடு போகிறவர்கள் ஒரு அரை நாளை ஒதுக்கி வையுங்கள். எடை மட்டும் உண்மையைச் சொல்லுங்கள் மக்களே!